முதலில் க்யூவைப் பிடி

ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஐந்து வேண்டும். எந்த எழுத்தும் இரண்டாம் முறை தலைகாட்டக் கூடாது. அதாவது, மொத்தமுள்ள 26 எழுத்துகளில் 25 ஒரேயொரு முறை வந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் கைவிடலாம்.

2022-இல் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டியவர் மேட் பார்க்கர். ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்பவர், மேடையேறிக் கணக்குச் சொல்லியே கூட்டத்தைச் சிரிக்கவைப்பவர். வேர்டில் விளையாட்டு உலகத்தையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த வருடம் அது. அதில் மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கக் கிடைப்பது ஆறு வாய்ப்பு. முதல் ஐந்திலேயே 25 எழுத்துகளையும் சோதித்துவிட முடியுமா? பார்க்கர் பைத்தான் மொழியில் எழுதிய நிரல் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஓடி விடை சொன்னது: ஃபியோர்ட், கக்ஸ், நிம்ஃப், வைபெக்ஸ், வால்ட்ஸ். கடற்கழி, பிசுபிசுப்பான அழுக்கு, வனதேவதை, தோலுக்கடியில் ரத்தம் கசிந்த கோடு, ஒரு நடனம். விடுபட்ட எழுத்து க்யூ.

ஒரு மாதம் எதற்கு? பார்க்கர் எடுத்துக்கொண்ட பட்டியலில் சுமார் 3,70,000 சொற்கள். அவற்றில் ஐந்தெழுத்துச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்து திரும்ப வருபவற்றையும் தள்ளினால் 10,000-க்குச் சற்று மேல் மிஞ்சும். அதே எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டவற்றை ஒன்றாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 6,000. இதிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க சுமார் 65,000 லட்சம் கோடி வழிகள் உண்டு. நொடிக்குப் பத்து லட்சம் வீதம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பார்க்கர் அவ்வளவு முரட்டுத்தனமாக இறங்கவில்லை. எழுத்து மோதாத ஜோடிகளை முதலில் சேர்த்தார், பிறகு ஜோடிகளை ஜோடிகளோடு பொருத்தினார், கடைசியில் ஐந்தாவதைத் தேடினார். அதற்கே ஒரு மாதம்.

அவர் அதைப் பகிரங்கமாகச் சொன்னதுதான் வம்பு. இதைவிட வேகமாக முடிக்கிறேன் என்று ஊர் உலகத்து நிரலர்கள் கிளம்பிவிட்டார்கள். பெஞ்சமின் பாசென் என்ற கணினி ஆய்வாளர் ஒவ்வொரு சொல்லையும் ஒரு புள்ளியாக வைத்து, பொது எழுத்து இல்லாத சொற்களைக் கோட்டால் இணைத்தார். ஐந்து புள்ளிகள் ஒன்றோடொன்று முழுக்க இணைந்திருந்தால் அதுதான் விடை. ஒரு மாத வேலை அரை மணி நேரத்துக்குள் சுருங்கியது. பின்னர் அது நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பார்க்கரின் நிரலைவிட ஏறத்தாழ 40 கோடி மடங்கு வேகம். இயந்திரம் மாறியது, மொழி மாறியது என்பதெல்லாம் உண்மைதான் என்றாலும் அவை மட்டுமே இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிட முடியாது.

முதல் உத்தி, சொல்லை எழுத்துச் சரமாகப் பார்ப்பதையே விட்டுவிடுவது. ஒவ்வொரு சொல்லுக்கும் 26 இடங்கள். எழுத்து இருந்தால் அந்த இடத்தில் 1, இல்லையென்றால் 0. இப்போது ஒரு சொல் என்பது ஓர் எண். இரண்டு சொற்களுக்குப் பொது எழுத்து உண்டா என்று பார்க்கக் கணினிக்கு ஒரேயொரு செயல் போதும். லிசன், சைலன்ட் இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே என்பதால் எண்ணும் ஒன்றே. 10,000 சொற்கள் 6,000 ஆனது இப்படித்தான்.

இரண்டாவது உத்திதான் உண்மையிலேயே அழகானது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? கல்யாண மண்டபத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்க “வெள்ளை வேட்டி கட்டியிருப்பார்” என்ற அடையாளம் உதவாது. “இடது கையில் மாவுக்கட்டுப் போட்டிருப்பார்” என்றால் நேரே போய் நிற்கலாம். ஆங்கிலத்தில் இ என்ற எழுத்து வெள்ளை வேட்டி. க்யூ, எக்ஸ், ஜே, இசட், வி எல்லாம் மாவுக்கட்டு. புதிரில் ஓர் எழுத்தைத்தான் விடலாம் என்பதால் க்யூ, எக்ஸ் இரண்டில் ஒன்றாவது விடையில் இருந்தே தீர வேண்டும். எனவே 6,000 சொற்களையும் கிளறாமல், இந்த இரண்டில் ஒன்றைக் கொண்ட சில நூறு சொற்களிலிருந்து தொடங்கினால் போதும். அடுத்து, இன்னும் வராத எழுத்துகளில் எது அரிதோ அது. தேடல் கிளை விடுவதற்கு முன்பே நறுக்கப்படுகிறது.

எது அரிது, எது மலிவு என்று கையால் எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். பின்னாளில் ஸ்கிராபிள் ஆன விளையாட்டின் கணக்கு அங்கே பிறந்தது. அதன் 100 சில்லுகளில் இ 12. க்யூவும் இசட்டும் ஆளுக்கு ஒன்று, மதிப்பு பத்துப் பத்து. எஸ் நான்குதான். அது அரிய எழுத்தே அல்ல. எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டிப் பன்மையாக்கிவிடும் என்பதால் பட்ஸ் கையை இறுக்கிக்கொண்டார். வி எழுத்துக்கு மதிப்பு நான்கே என்பது மட்டும் அநியாயம். அது இடம்பெறும் இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட ஸ்கிராபிள் அகராதிகளில் கிடையாது.

வேர்டிலில் நியாயம் தலைகீழ். அங்கே சொல் என்னவென்றே தெரியாது; கேள்வி கேட்டுக் கேட்டு நெருங்க வேண்டும். அதன் பழைய விடைப் பட்டியலில் இருந்த சுமார் 2,300 சொற்களில் ஜே உள்ளவை 27 மட்டுமே. முதல் முயற்சியிலேயே ஜே பொருந்திவிட்டால் ஆட்டம் முடிந்த மாதிரிதான், ஆனால் பொருந்தாது. இ கொண்டவையோ ஏறத்தாழ பாதி. உண்டு என்றாலும் இல்லை என்றாலும் பட்டியல் பாதியாகிவிடும். கிளாட் ஷானன் 1948-இல் வகுத்த தகவல் கோட்பாட்டின்படி, ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் சம வாய்ப்புள்ள கேள்விதான் அதிகத் தகவல் தரும்.

பார்க்கரின் புதிரை வேர்டில் அப்போது ஏற்றுக்கொண்ட சுமார் 13,000 சொற்களுக்குள் சுருக்கினால் பத்தே விடைகள். பத்தும் இரண்டே குடும்பம். இரண்டு விடைகளில் ஃபியோர்ட், வைபெக்ஸ், வால்ட்ஸ் மூன்றும் உண்டு. மற்ற எட்டிலும் வக்ஃப்ஸ், வோஷ்ட் என்ற இரட்டையர். வக்ஃப்ஸ், நம் ஊரிலும் வழங்கும் வக்ஃபு என்ற அரபுச் சொல்லின் ஆங்கிலப் பன்மை. வோஷ்ட், தலைவனைக் குறிக்கும் ரஷ்யச் சொல். அசல் ஆங்கிலச் சொற்களில் க்யூவின் பின்னாலேயே யூ வந்துவிடும். உயிரெழுத்துக்குத் தட்டுப்பாடான இந்தப் புதிரில் அது கட்டுப்படியாகாது. யூ இல்லாத க்யூவுக்கு இறக்குமதிதான் வழி.

இந்த இரட்டையரைத் தாளில் எழுதிவிட்டால் மீதி வேலைக்குக் கணினியே வேண்டாம். மிஞ்சும் எழுத்துகள் 16, தேவை மூன்று சொற்கள். ஜம்பி என்ற சொல்லைப் போட்டு எக்ஸைக் கைவிட்டால் கையில் பத்து எழுத்துகள் நிற்கும். அவற்றைக் கொண்டு பிரிக், கிளென்ட் என்றும் எழுதலாம். பிளிங், டிரெக் என்றும் எழுதலாம்.