பழைய கதவுக்குத் தேக்கு முகம்

பாவாத மலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக்குடன் முடியும். ஹட்டனில் இறங்கி டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாகப் போகும் கூட்டத்தை நம்பி அறை வாடகைக்கு விடும் நம்மவர்கள் பலர், நவம்பர் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "நானா, உள் கதவெல்லாம் அசிங்கமா இருக்கு. மாத்தினா எவ்வளவு போகும்?"

2022 நெருக்கடிக்குப் பிறகு தேக்குக் கதவின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. கதவு உளுக்காமல், நேராக மூடினால் மாற்றவே வேண்டாம். மரக்கோடு பெயின்ட் அடித்தால் போதும்.

இது புதிய வித்தையல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மலிவான பைன் கதவுகளை ஓக், மெஹோகனி போலக் காட்டுவது தனித் தொழிலாகவே இருந்தது. போல்டன் ஊரைச் சேர்ந்த தோமஸ் கேர்ஷோ என்ற பெயின்டர், 1851 லண்டன் மகா கண்காட்சியில் இந்த வேலைக்காகப் பதக்கமே வாங்கினார்.

முதலில் கதவைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, அடுப்புப் புகை, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். நம் நாட்டில் பெயின்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல். அதற்கு முந்திய பெயின்டைக் காய்ந்தபடி தேய்த்தால் தூசு பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளையே பாவியுங்கள், சேறாக வருவதைத் துணியால் துடைத்தெடுங்கள். பாஸ்மார் அவசரப்படுவார்கள், விடாதீர்கள்.

பிறகு புட்டி, அண்டர்கோட், அதன்மேல் வெளிர் மஞ்சள் எனாமல் இரண்டு பூச்சு. ஏழுக்கு மூன்று அடிக் கதவு இரு பக்கமும் 42 சதுர அடி, இரண்டு பூச்சுக்கு 84. ஒரு லீற்றர் தாராளம். நன்றாகக் காய்ந்ததும், டர்பன்டைனும் லின்சீட் எண்ணெயும் கலந்து நீர்க்கச் செய்த பிரவுண் நிறத்தை மெல்லப் பூசி, ஈரம் போகுமுன் ரப்பர் அச்சை மெதுவாக ஆட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். கண்போன்ற முடிச்சுகள் தானாக விழும். அச்சு இல்லையென்றால் தேய்ந்த பிரஷ் போதும், கோடு மட்டும் வரும். நடுப்பலகை முதலில், குறுக்குச் சட்டம் அடுத்து, நெடுஞ்சட்டம் கடைசி. குறுக்குச் சட்டத்தில் கோடு படுக்கையாகத்தான் ஓட வேண்டும். அதை மறந்து எல்லாவற்றிலும் மேலிருந்து கீழே இழுத்தால் பார்த்தவுடனேயே பெயின்ட் என்று தெரிந்துவிடும். முடிவில் மினுக்கம் குறைந்த வார்னிஷ்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சொந்த வீட்டுக்கு, வாடகை அறைக்கு இது அலங்காரம். அதே கதவை அல்பீசியா என்று சொல்லாமல் தேக்கு விலைக்கு விற்றால் அது வேறு விடயம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் வெளிக்காட்டிய சம்பவம் நமக்குத் தெரியாததல்ல. பில்லில் மரத்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்.

டிக்கோயாவில் இந்த வேலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. சீசனுக்கு முன்பே முடிக்க வேண்டியவர்கள் நவம்பர் மழையைக் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு நாள் விடட்டும். கதவைக் கழற்றி, புகை போகாத அறையில் படுக்கவைத்து அடித்தால் பெயின்ட் வழியாது.