கால்வாய் மீண்டும் ஆறானது

மழைநீர் நகரைவிட்டு விரைந்து ஓடிவிட வேண்டும் என்பதே நகரமைப்போரின் நெடுநாளைய எண்ணமாயிருந்தது. ஆகவே, வளைந்து நெளிந்து சென்ற ஓடைகளை நேராக்கி, அடியிலும் இருமருங்கிலும் கான்கிரீட் பூசினர். வெள்ளம் வடிந்தது மெய்யே. ஆயினும் நாணலும் மீனும் பறவையும் அவ்விடத்தைவிட்டு அகன்றன. ஆறு வெறும் வடிகாலாயிற்று.

சிங்கப்பூரின் மிக நீளமான காலாங் ஆற்றுக்கும் இக்கதியே நேர்ந்தது. சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு, பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் ஓரமாய் நேர்கோட்டுக் கால்வாயாகச் சென்றது. மக்களுக்கும் நீருக்கும் இடையே உறவே இல்லை.

2006-ஆம் ஆண்டில் நீர்நிலைகளுக்கு உயிரூட்டும் திட்டமொன்றை அந்நாட்டரசு தொடங்கியது. அதன்படி 2009-இல் இங்கே பணி ஆரம்பமாகி, 2012-இல் நிறைவுற்றது. 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய், பூங்காவின் நடுவே 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்தோடும் ஆறாக மாறியது. உடைத்த கான்கிரீட்டும் வீணாகவில்லை. அதைக் குவித்துப் பூங்காவிலேயே ஒரு குன்று அமைத்தனர். கரைகளைக் கற்களும் செடிகளின் வேர்களும் இறுகப் பற்றி நிற்கின்றன. நீர்த்தாவரங்கள் அடர்ந்த பாத்திகள் அழுக்கை வடித்து நீரைத் தெளிவிக்கின்றன. இன்று நீர்நாய்களும் அங்கே நீந்தி விளையாடுகின்றன.

கான்கிரீட்டை அகற்றினால் ஊருக்குள் வெள்ளம் புகாதோ என நீங்கள் வினவலாம். அன்பர்களே, நிகழ்ந்தது நேர்மாறானது. மழையில்லா நாட்களில் சிற்றோடையாகச் செல்லும் நீர், பெருமழையில் புல்வெளியெங்கும் ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்துக்குப் பரவ இடமுண்டு. ஆற்றின் கொள்திறன் சுமார் 40 விழுக்காடு உயர்ந்தது. எனினும் கரையில் சிறுவர் விளையாடுகின்றனரே! நீர்மட்டம் உயர்வதை உணரும் கருவிகளும், எச்சரிக்கை விளக்குகளும், ஒலிப்பான்களும் ஆங்காங்கே பொருத்தப்பட்டுள்ளன. ஆற்றை நேசிப்பது வேறு. அதன் வேகத்தை மறப்பது வேறு.

இந்நீர் இறுதியில் மரினா நீர்த்தேக்கத்தை அடைந்து, குடிநீருக்கும் பயன்படுகிறது. ஆகவே, அங்கே தெருவோரச் சாக்கடையில் எறியும் ஒரு பிளாஸ்டிக் பை, எறிந்தவரின் தண்ணீர்க் குவளையை நோக்கியே பயணம் செய்கிறது.

பெற்றோரே, உங்கள் ஊரிலும் ஓடையொன்று இருக்கும். அது குப்பைத் தொட்டியன்று என்பதைப் பிள்ளைகளுக்கு இளமையிலேயே கற்பியுங்கள். அதன் கரையைக் குறுக்கி வீடோ கடையோ எழுப்ப எவரேனும் முற்பட்டால், ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: அடைமழை நாளில் இந்நீர் எங்கே போய் நிற்கும்? ஆற்றுக்கு நாம் இடம் கொடுக்க மறுத்தால், அது நம் இல்லத்திலேயே இடம் தேடிக்கொள்ளும்.