மூட்டுக்கு மருந்து... முடங்கியாற்று ரோடு!

"சைக்கிளா? இந்த ரோட்டுலயா? ஓட்டிட்டு உயிரோட வீடு திரும்ப வேண்டாமா டாக்டர்?"

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி கேட்ட கேள்வி இது. ராஜபாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வயது 58. பத்து வருடமாகச் சர்க்கரை. இப்போது இரண்டு முழங்காலிலும் வலி. மாடிப்படி ஏறினால் 'கடக் கடக்'கென்று சத்தம். சித்த மருத்துவத்தில் 'அழல் கீல் வாயு' என்கிறோமே, அதேதான். தைலம் எழுதிக் கொடுத்தேன். உள்மருந்து கொடுத்தேன். கூடவே, "தினமும் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள்" என்றேன். உடனே முகம் மாறிவிட்டது.

காரணம் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் மெயின் ரோட்டில் ஒரு வேன் உரசி, கீழே விழுந்து, காறையெலும்பு முறிந்திருக்கிறது. அன்றைக்கு மூலையில் சாத்திய சைக்கிள்தான். அதன் பிறகு பக்கத்துத் தெருவுக்குக்கூட பைக். எடை கூடியது, சர்க்கரை கூடியது, முழங்கால் வலியும் வந்து சேர்ந்துகொண்டது.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'ஓட்டுங்கள்' என்று சொல்கிற வைத்தியன், எங்கே ஓட்டுவது என்று சொல்ல வேண்டாமா? அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் என் பழைய சைக்கிளைத் துடைத்துக் கிளம்பினேன். அப்படித் தேடிய பாதைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முழங்காலுக்கு ஏன் சைக்கிள்?

நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் முழங்காலில் இறங்குகிறது. சைக்கிளில் அந்தப் பாரத்தின் பெரும் பகுதியை சீட் தாங்கிக்கொள்கிறது. மூட்டு மடங்கி நீள்கிறது. ஆனால் அடி வாங்குவதில்லை. தொடைத் தசை வலுப்படுகிறது. தொடைத் தசைக்கு வலு வந்தால் முழங்காலுக்குப் பாதி நிம்மதி.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு லாபம். வேலை செய்கிற தசை, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கும். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். அவ்வளவுதான்!

பாதை 1: நம்ம ஊர் திருவண்ணாமலை

திருவண்ணாமலை என்றதும் கிரிவலம் ஞாபகம் வருகிறதா? இது வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வடமேற்கே நாலைந்து கிலோமீட்டரில் உள்ள சின்ன ஊர். குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில். 'தென் திருப்பதி' என்பார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சரியான பாதை. போக வர ஒரு மணி நேரம் போதும். வழியில் வயல், தோப்பு, கண்மாய். திரும்பி வரும்போது ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். சுமார் 192 அடி உயரம் இல்லையா! அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தால் கால் வலி தெரியாது.

ஒரு எச்சரிக்கை: புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். அன்றைக்குச் சைக்கிள் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாதை 2: செண்பகத்தோப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே சுமார் 8 கிலோமீட்டர். முதலில் வீடுகள், பிறகு தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கடைசியில் மலை. 1988ல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட காடு இது. 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஐந்தாவது. அணில் என்றால் கொல்லையில் ஓடும் அணில் என்று நினைக்காதீர்கள். வாலோடு சேர்த்தால் நம் கை நீளத்தைத் தாண்டும். மரத்துக்கு மரம் தாவும்போது கிளை ஆடும் ஆட்டத்தில்தான் கண்ணில் படும்.

வனத்துறை சோதனைச் சாவடியோடு உங்கள் பயணம் முடிகிறது. அதற்கு மேல் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. யானை நடமாடும் காடு. விடிந்த பிறகு கிளம்புங்கள், இருட்டுவதற்கு முன் ஊர் திரும்புங்கள். ஓடையில் தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

பாதை 3: அய்யனார் கோயில்

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இது. முடங்கியாற்று ரோட்டைப் பிடித்து மேற்கே போனால், பத்து கிலோமீட்டர் வாக்கில் மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோயில். வழியில் ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். இரு பக்கமும் மாந்தோப்பு. சப்பட்டை, பஞ்சவர்ணம் காய்க்கிற சீசனில் மட்டும் லோடு வண்டிகள் அதிகம், கவனம். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து காற்று அள்ளிக்கொண்டு போகும். போகும்போது எதிர்காற்று, சிரமம்தான். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும்!

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே போக நெடுஞ்சாலைதான் ஒரே வழி என்று நினைக்காதீர்கள். மம்சாபுரம் வழியாகக் கிராமத்து ரோடு இருக்கிறது. கொஞ்சம் சுற்று. ஆனால் லாரி ஹாரன் இல்லாத சுற்று.

நாய் துரத்தினால்?

நாய்க்குப் பேர் போன ஊராயிற்றே, சொல்லாமல் விடலாமா? தோப்புக் காவல் நாய்கள் சைக்கிளைக் கண்டால் ஓடி வரும். வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக வரும். நிதானமாக இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை நிறுத்தி, மெதுவாக நகருங்கள். பெரும்பாலும் அது ஓய்ந்துவிடும்.

தப்பித் தவறிக் கடித்துவிட்டால், பல் சிறிதாகப் பட்டிருந்தாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் பத்து, சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். ஒரு சித்த வைத்தியனே சொல்கிறேன்: வெறிநாய்க் கடிக்குத் தடுப்பூசிதான் வழி.

கிளம்பும் முன்...

* சீட் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் வலி குறைவதற்குப் பதில் கூடும். பலர், 'சைக்கிள் ஓட்டித்தான் வலி வந்தது' என்று சொல்வது இதனால்தான்.

* முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து என்று ஏற்றுங்கள். முதல் நாளே செண்பகத்தோப்பு வேண்டாம்.

* சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்தி வாயில் போடுங்கள்.

* மாரடைப்பு வந்தவர்கள், நடந்தால் நெஞ்சு அடைப்பவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

* அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். அதில் தாகம், சிறுநீர், இளைப்பு மூன்றும் உண்டு. மூச்சு இளைத்தால் இறங்கி நில்லுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

* திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோர். எண்ணெய்க் குளியலை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

* ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அரை மணி நேரம் மிதித்துக் கரைத்ததை, நூறு கிராம் பால்கோவா ஐந்தே நிமிடத்தில் திருப்பித் தந்துவிடும். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாதான், இருந்தாலும்!

பாதை நமக்கும் வேண்டும்

இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே கைவிடப்பட்ட ரயில் பாதையை, 1979லிருந்து 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டு சைக்கிள் பாதையாக்கினார்கள். சுமார் 21 கிலோமீட்டர். மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை. தொண்டர்கள் மண்வெட்டி பிடித்துத் தொடங்கிய வேலை அது. நம்மிடம் கண்மாய்க் கரைகள் இருக்கின்றன. அவற்றை மேடு பள்ளமில்லாமல் வைத்து, பைக் நுழையாமல் இரண்டு கல் நட்டால் போதும். ஊர்க்காரர்கள் கேட்டால் நடக்கக்கூடிய காரியம்தான்.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பாதையையும் ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். அரை மனதாக வாங்கிக்கொண்டார். கூட வந்திருந்த அவர் மனைவிதான் மெல்லச் சொன்னார்: "எனக்கும் ஓட்டத் தெரியும் டாக்டர். கல்யாணத்துக்கப்புறம் விட்டுப் போச்சு."

"இப்ப ஓட்டினா என்னம்மா? புதுக்கோட்டையில 1990களோட ஆரம்பத்துல, அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்களே!" என்றேன்.

ஏழு மாதம் ஆகிறது. இருவரும் வாரத்தில் நாலு நாள் முடங்கியாற்று ரோட்டில் போகிறார்கள். அண்ணாச்சிக்கு எடை ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரை மாத்திரை நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் கூடவில்லை. மாடிப்படியில் இப்போதும் சத்தம் வருகிறதாம், வலிதான் பாதியாகிவிட்டதாம். மெயின் ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது மட்டும் இன்றும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகிறார். அந்தப் பயம் நல்லது, இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் மாடிப்படிக்கு அடியில் ஒரு சைக்கிள் நிற்கும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்ததாகக்கூட இருக்கலாம். இன்று சாயங்காலமே காற்றடித்து வையுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு ரோடு காலியாகத்தான் இருக்கும்!