பிளாஷ் வாங்கும் முன் தூரத்தை அளந்து பாருங்கள்



மளிகைக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். ஊருக்கு ஊர் நம் வணிகர் சங்கங்கள் ஆண்டு விழாவையொட்டி விளையாட்டுப் போட்டிகள் நடத்துகின்றன. வெளியாளை அமர்த்தாமல், கேமரா வைத்திருக்கும் நம் பிள்ளைகளே படம் எடுக்கிறார்கள். "கேமராவோடு வரும் சிறிய பிளாஷ் போதாது, தனி பிளாஷ் வேண்டும்" என்ற பேச்சு அப்போது வருகிறது. பணம் கொடுப்பவர் நாம். ஆகவே விவரம் தெரிந்து கொடுப்பது நல்லது.

எங்கள் சங்கத்துக்கு பிளாஷ் வாங்கும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. அட்டைப் பெட்டியின் மேல் 60 என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஒளி 60 மீட்டர் போகும் என்று நானே பொருள் செய்துகொண்டேன். நடுப்பகலில் கிரிக்கெட் போட்டி. பையன் எல்லைக் கோட்டில் நின்று எடுத்தான். ஒரு படத்திலும் பிளாஷ் அடித்த அடையாளமே இல்லை. தொப்பி நிழலில் முகங்கள் கறுத்திருந்தன. ஓடியவர்கள் கலங்கித் தெரிந்தார்கள். பொதுப் பணம் என்பதால் அந்தத் தொகையை என் சொந்தக் கணக்கில் எழுதிக்கொண்டேன். விற்றவர் மேல் குற்றமில்லை. சிப்பத்தின் மேல் எழுதிய எடையை நம்பாமல் நம் தராசில் ஏற்றிப் பார்க்கும் நான், இதை அளந்து பார்க்கவில்லை.

60 என்ற எண் என்ன?

இதற்குக் கைடு நம்பர் என்று பெயர். இது நேரடித் தூரம் அன்று. கேமராவில் வைக்கும் எஃப் எண்ணால் இதை வகுத்தால்தான் தூரம் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6 என்று வைத்தால் 60-ஐ 5.6-ஆல் வகுக்க வேண்டும். 11 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அவ்வளவுதான் எட்டும். தூரம் இரட்டித்தால் ஒளி பாதியாகாது, நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கோடாக்ஸ் டி.டி.600 பிளாஷுக்கு 60 என்பது, தலையை 200 மி.மீ. ஜூமுக்குக் குறுக்கி ஒளியை ஒடுக்கி விடும்போது உள்ள கணக்கு. யாங்நுவோ 560 வரிசையில் சொல்லும் 58 என்பது 105 மி.மீ. ஜூமில் உள்ள கணக்கு. அகலமாகப் பரப்பினால் இரண்டுமே இறங்கிவிடும். 25 கிலோ மூட்டை விலையையும் 50 கிலோ மூட்டை விலையையும் அப்படியே ஒப்பிட்டால் என்ன ஆகும்? அதே தவறுதான் இங்கும் நேரும். ஒரே ஜூம் அளவில் என்ன எண் என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

நடுப்பகலில்

பெரும்பாலான கேமராக்களில் விநாடியில் 200-ல் ஒரு பங்கு, அல்லது 250-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்கு மேல் சாதாரண பிளாஷ் ஒத்து வராது. அதற்கு மேல் போனால் படத்தில் ஒரு பட்டை இருட்டாக விழும். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100-ல், 200-ல் ஒரு பங்கு வேகத்துக்கு எஃப் 11 வைக்க வேண்டும். 60-ஐ 11-ஆல் வகுத்தால் ஐந்தரை மீட்டர்தான். ஓடுகிற ஆட்டக்காரரை அந்த ஷட்டர் வேகம் நிறுத்தியும் காட்டாது.

இதற்கு மருந்தாக ஹை ஸ்பீடு சிங்க் என்ற வசதியை, விலை கூடிய பிளாஷ்களில் சொல்லி விற்கிறார்கள். 1000-ல் ஒரு பங்கு வேகத்திலும் பிளாஷ் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் ஒரே வீச்சாக அடிக்கும் ஒளி, பல சிறு துடிப்புகளாகப் பிரிந்து பலம் குன்றிவிடும். எஃப் எண்ணைக் குறைத்ததால் கிடைத்த இலாபம் இதில் கழிந்துபோகும். கடைசியில் எட்டும் தூரம் கூடிவிடாது.

ஆக, வெயிலில் நடக்கும் ஓட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பிளாஷை நம்ப வேண்டாம். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து நிற்பது செலவில்லாத வழி. பரிசளிப்பு, அணியினர் வரிசையாக நிற்பது போன்ற அருகிலுள்ள படங்களில் முகத்து நிழலை நீக்க பிளாஷ் நன்றாக உதவும். அதற்குச் சாதாரண பிளாஷே போதும்.

மாலையில்

பிளாஷின் உண்மையான பயன் பொழுது சாய்ந்த பிறகுதான். கபடி ஆடுகளம் ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் கைடு நம்பர் இரட்டித்து 120 ஆகும். எஃப் 4-ஆல் வகுத்தால் 30 மீட்டர். பிளாஷை நான்கில் ஒரு பங்கு பலத்தில் வைத்தால் தூரம் பாதியாகி 15 மீட்டர். பெட்டிக் கணக்கில் கழிவு போட்டு 10 மீட்டர் என்று வையுங்கள். களத்தின் ஓரத்தில் நின்றால் பாடி வருபவரும் பிடிப்பவர்களும் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

பலத்தைக் குறைப்பதில் இரட்டை இலாபம் உண்டு. ஒளி மின்னும் நேரம் குறுகுவதால் ஆட்டம் உறைந்தது போல் பதியும். முழுப் பலத்தில் அடித்தால் அடுத்த முறை தயாராக இரண்டு மூன்று விநாடி ஆகும். குறைந்த பலத்தில் உடனே தயாராகும். கபடியில் இரண்டு விநாடி போனால் பிடியும் போயிற்று.

கடையில் பார்க்க வேண்டியவை

1. சொந்தக் கேமராவைக் கையோடு கொண்டு போய் மாட்டி, அடித்துப் பார்த்து வாங்குங்கள். கேனான் 1500டி, 3000டி, 200டி இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் பிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முனை இல்லை. அந்த ஒரு முனையை மட்டும் நம்பிய மலிவு பிளாஷ்கள் இவற்றில் எரியா. சோனிக்கு அதற்கென்று உள்ளதைக் கேட்க வேண்டும்.

2. பழைய பிளாஷ் மலிவாகக் கிடைக்கிறது என்று மாட்டிவிடாதீர்கள். சில பழைய வகைகளின் முனையில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். இன்றைய கேமரா அதைத் தாங்காது.

3. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி எட்டு வாங்குங்கள். நான்கு பிளாஷில், நான்கு பையில். சாதாரண பேட்டரியைவிட பிளாஷ் விரைவில் தயாராகும், செலவும் தேறும்.

4. பில், உத்தரவாதச் சீட்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். நம்மிடம் பிறர் கேட்பதை நாம் பிறரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் அனுமதி பெறுவதும் அவசியம். கண்ணில் ஒளி அடித்தால் பந்தை விடுவார்கள், அடிபடவும் கூடும். பல போட்டிகளில் பிளாஷுக்குத் தடை உண்டு.

எங்கள் தேவை மாலைக் கபடியும் பரிசளிப்பும்தான். அதற்கு ஹை ஸ்பீடு சிங்க் வேண்டியதில்லை, கையால் பலத்தை மாற்றும் எளிய பிளாஷே போதும். நான் வாங்கிய அதே பிளாஷைத்தான் அடுத்த ஆண்டு கபடிக்கு எடுத்துப் போனோம். படங்கள் நன்றாகவே வந்தன. பொருளில் குறையில்லை, நின்ற இடமும் நேரமும்தான் தவறு. தேவையான தூரத்தை முதலில் அளந்து, பிறகு பணத்தை எண்ணுங்கள்.