ஒரு சாட்சி போதுமா?

தில்லி வாழ் தமிழர்களுக்கு மதராசி கேம்ப் என்னும் பெயர் புதியதன்று. ஜங்புராவுக்கு அருகே, பாராபுல்லா வடிகாலின் கரையில், தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளிகள் பல்லாண்டுகள் குடியிருந்த இடம் அது. வடிகால் அடைபட்டு மழைநீர் தேங்குவதைக் காரணமாகக் கொண்டு உயர்நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. ஏறத்தாழ 370 குடும்பங்களுள் 189 மட்டுமே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவையாகக் கருதப்பட்டன. அக்கரையில் வாழ்ந்தோர்க்கு மழை என்பது, இரவில் வீட்டுக்குள் நீர் புகுமா என்னும் கவலையே. ஆதலின் மழையை யார் அளக்கிறார்கள், அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய விஷயமன்று.

2024 ஜூன் 28 காலை 8.30 மணியோடு முடிந்த ஒரு நாளில் சப்தர்ஜங் நிலையம் 228.1 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. லோதி சாலையில் 192.8, பாலத்தில் 106.6. நகரம் ஒன்று, நாளும் ஒன்று. மழை அவ்வாறுதான் பெய்யும். பாலம் நிலையம் ஒன்றையே நம்பியிருந்தால், பாராபுல்லாவை நோக்கி வந்த நீரைப் பாதியாக மதிப்பிட்டிருப்போம்.

பல நிலையங்கள் வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று, கருவியே பிழை செய்வது. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூரிலுள்ள தானியங்கி நிலையம் 52.9 பாகை செல்சியஸ் என்று அறிவித்தது. நாடே திகைத்தது! ஆனால் தில்லியின் பிற நிலையங்கள் 45.2 முதல் 49.1 வரையே காட்டின. ஐயம் எழுந்தது. வானிலைத் துறையினர் அங்கேயே தரமான கருவியொன்றை வைத்து ஒப்பிட்டு, முங்கேஷ்பூர்க் கருவி சுமார் மூன்று பாகை மிகுத்துக் காட்டியதைக் கண்டறிந்தனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அண்டை நிலையங்கள் ஐயத்தை எழுப்பின; தீர்த்து வைத்தது அதே இடத்தில் வைத்த இரண்டாம் கருவி. இடம் மாறினால் அளவும் உண்மையாகவே மாறக்கூடும் அன்றோ? அன்றியும், இரு கருவிகள் முரண்பட்டால் எது பொய் என்று சொல்ல இயலாது; மூன்றாவது ஒன்று இருந்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மௌனமாகிவிடும் கருவியைவிடத் தவறாகப் பேசும் கருவியே அபாயமானது என்பது என் கருத்து. செய்தி வரவில்லையெனில் உடனே தெரிந்துவிடும். தானியங்கி மழைமானியின் புனலை இலையொன்று அடைத்துக்கொண்டாலோ, கொட்டும் மழையிலும் அது சுழியம் என்றே எழுதிக்கொண்டிருக்கும்.

கருவிகளைப் பெருக்கினால் மட்டும் போதுமா? பத்து நிலையங்களின் செய்தியும் ஒரே தொலைபேசிக் கோபுரத்தின் வழியாக, ஒரே கணிப்பொறிக்கு வருமானால், அக்கோபுரம் சாயும் நாளில் பத்தும் ஒருசேர ஊமையாகும். அத்தகைய நாள் பெரும்பாலும் புயல் நாளாகவே இருக்கும். எனவே ஒன்றின் செய்தி தொலைபேசி வழியாகவும், மற்றொன்றின் செய்தி செயற்கைக்கோள் வழியாகவும் வருவது நலம். பெற்றுக்கொள்ளும் கணிப்பொறிகளும் வெவ்வேறு ஊர்களில் இருத்தல் வேண்டும். ஆள் நின்று அளக்கும் மழைமானிக்கு மின்சாரமும் வேண்டா, கோபுரமும் வேண்டா. காலை 8.30 மணிக்கு ஒருவர் குடுவையிலுள்ள நீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து எழுதுகிறார்; அவ்வளவே.