“கரண்ட்” வைப்பதில் உயர்வென்ன, தாழ்வென்ன?

சென்ற திங்கள் தோழர் ஒருவர் நம்மைக் காண வந்தார். மூட்டை சுமக்கும் தொழிலாளி. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நாக்கின் அடியில் கட்டி, கழுத்தில் ஒரு நெறி. அரசினர் மருத்துவமனையில் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லி, 35 நாள் ‘கரண்ட்’ வைக்க வேண்டும் என்று சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சீட்டோடு ஊருக்குப் போனவரை ஊர் சும்மா விடுமா? “அது கோபால்ட்டு, பழைய மெஷின், தொண்டையைப் பொசுக்கிவிடும்” என்றார் ஒருவர். “வீட்டை விற்றாவது புரோட்டான் இருக்கிற இடத்துக்குப் போ” என்றார் மற்றொருவர். வீடு என்றால் என்ன வீடு? ஒன்றரை சென்டில் ஓட்டு வீடு. அதையும் விலை பேச ஆள் வந்துவிட்டான். “தோழர், எதில் போனால் உயிர் தங்கும்? அதைச் சொல்லுங்கள்” என்று நம் முன் உட்கார்ந்துவிட்டார்.

நாம் மருத்துவர் அல்லோம். ஆனால் இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வியா? இந்திய நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களிலே முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். பீடி, புகையிலை, பாக்கு, சாராயம் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை அது. வாய், தொண்டை, குரல்வளை என்று கழுத்துக்கு மேலே வரும் இந்த நோய் மாளிகைவாசியைவிட மண் சுமப்பவனையே அதிகம் தேடி வருகிறது. ஆகவே விசாரித்தோம், படித்தோம், அறிந்தவர்களைக் கேட்டோம். தெரிந்துகொண்டதைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்று. ‘கரண்ட்’ என்று நாம் சொல்வது கரண்ட் அல்ல. உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை, ஷாக் அடிப்பதில்லை. அது கதிர்வீச்சு. கண்ணுக்குத் தெரியாது, படும்போது வலிக்காது. உயிரணுவின் கருவுக்குள் புகுந்து, அது மேலும் பெருகாதபடி அறுத்துவிடுகிறது. நல்ல அணுவும் அடிபடுகிறது. ஆனால் ஓர் இரவு ஓய்வு கொடுத்தால் நல்ல அணு பெருமளவு தேறிக்கொள்ளும், புற்று அணுவால் அவ்வளவு முடியாது. அதனால்தான் ஒரே நாளில் முழுவதையும் கொட்டாமல், நாளொன்றுக்கு 2 கிரே என்று 35 நாளில் 70 கிரே வரை கொடுக்கிறார்கள். கிரே என்பது கதிரின் அளவை, துணிக்கு மீட்டர் போல. ஏழு வாரம் நடப்பது வீண் அலைக்கழிப்பு அல்ல; சிகிச்சையின் சூட்சுமமே அந்த ஏழு வாரந்தான்.

கருவி இரண்டு வகை. ஒன்று கோபால்ட். அணு உலையில் செய்த கோபால்ட்-60 என்னும் உலோகத்தை ஈயக் கூட்டுக்குள் அடைத்து, வேண்டும்போது வாயிலைத் திறந்து கதிரை வெளியே விடுவது. 1951-இல் கனடாவில் இதைக்கொண்டு நோயாளிக்கு முதன்முதல் சிகிச்சை செய்தார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயன்று 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957-இலேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் ‘பாபாட்ரான்’ என்று நம் நாட்டிலேயே ஒன்றைச் செய்தும் காட்டினார்கள். மற்றொன்று லினாக். மின்சாரத்தைக்கொண்டு எலெக்ட்ரானை விரட்டி, உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்-ரே எடுப்பது. ‘கரண்ட்’ என்ற பெயர் பொருந்துமானால் இதற்குத்தான் பொருந்தும்!

கோபால்ட்டின் குறை என்ன? கதிர்க்கற்றையின் ஓரம் மங்கலாக இருக்கும். கத்தியால் வெட்டியதுபோல் இராது. உலோகத்தின் வீரியம் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மாற்றாவிட்டால் ஐந்து நிமிடம் படுத்தவர் பத்து நிமிடம் படுக்க வேண்டிவரும். நிறை என்ன? பாகங்கள் குறைவு, பழுது குறைவு, மின்வெட்டுக்கு அவ்வளவாக அஞ்சாது. லினாக் அப்படியல்ல. குளிர்சாதனம் வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், இயற்பியல் படித்தவர் பக்கத்திலேயே வேண்டும்.

ஆனால் தோழர்களே, கருவி வேறு, கதிரைச் செலுத்தும் முறை வேறு. ஊர்ப்பேச்சு இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. பழைய முறை என்பது இடக் கன்னத்திலிருந்து ஒன்று, வலக் கன்னத்திலிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் நேருக்கு நேர் விடுவது. காதுக்கு முன்னே, கன்னத்தின் பின்பக்கம் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. தொண்டைக்குப் போகும் கதிர் அதைத் துளைத்துக்கொண்டுதான் போகும். கட்டி கரையும், சுரப்பியும் வற்றும். பிறகு வந்தது, ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்பச் செலுத்தும் முறை. அதற்கும் மேலே ஐ.எம்.ஆர்.டி. என்பது. பல கோணங்களிலிருந்து, சிறுசிறு உலோகத் தகடுகள் நகர்ந்து நகர்ந்து, ஓரிடத்தில் கூட்டியும் ஓரிடத்தில் குறைத்தும் கதிரை விடுவது. சுரப்பிக்குப் போகும் சராசரி அளவை 26 கிரேக்குள் நிறுத்திவிட்டால் அது மெல்ல மெல்லத் தேறி மறுபடி சுரக்கும் என்று கண்டிருக்கிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். பிரிட்டனில் 94 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துக் கடும் வாய் வறட்சியோடு இருந்தவர்கள், பழைய முறையில் நூற்றுக்கு 74 பேர், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 பேர். இரண்டாண்டு கழித்து 83-க்கு 29! பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையார் நம் நாட்டு நோயாளிகள் 60 பேரிடம் செய்து 2012-இல் வெளியிட்ட சோதனையிலும், சிகிச்சைக் காலத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி கெட்டவர்கள் நடுத்தர முறையில் நூற்றுக்கு 89, ஐ.எம்.ஆர்.டி.யில் 59.

சரி, உயிர் பிழைப்பதில்? அதில் இரண்டு சோதனையும் பெரிய வேறுபாடு எதையும் காட்டவில்லை. கட்டியைக் கொல்வது, கட்டியின்மேல் விழும் கிரேயின் அளவு. அது கோபால்ட்டிலிருந்து வந்தாலும் லினாக்கிலிருந்து வந்தாலும், சரியாகக் குறிபார்த்து, முழுவதும் கொடுத்தால், கட்டிக்கு வேற்றுமை தெரியாது.

“அப்படியானால் வாய் வறட்சிக்காகவா இத்தனை செலவு? தண்ணீர் குடித்தால் போயிற்று” என்று பேசும் கனவான்கள் இருக்கிறார்கள். இதைத்தான் நாம் ஒப்பமாட்டோம். எச்சில் இல்லாத வாய் எப்படியிருக்கும் என்று அந்தக் கனவான்கள் அறிவார்களா? சோறு தொண்டையில் இறங்காது. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டும். இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்புத் தட்டும். பல் ஒவ்வொன்றாகச் சொத்தையாகும். சித்திரை வெயிலில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டிலைத் தேடினால் மேஸ்திரி மறுநாள் வேலைக்குக் கூப்பிடுவானா? அலுவலகத்தில் குளிர்சாதனத்தின் கீழ் இருப்பவருக்கு வறண்ட வாய் ஒரு தொல்லை. உழைப்பாளிக்கு அது வேலையிழப்பு. எனவே ஐ.எம்.ஆர்.டி. வசதி செய்யும் லினாக் கருவி காசுள்ளவனுக்கான அலங்காரம் என்று எண்ணி மாவட்ட மருத்துவமனைகளைக் காக்க வைப்பது நியாயமல்ல. ஏழைக்குத்தான் அது முதலில் வேண்டும்.

அதற்காகக் கோபால்ட் என்றதும் ஓடுவதும் மடமை. குரல் நாணில் மட்டும் தொடக்க நிலையில் உள்ள நோயை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர் படும் இடம் தீப்பெட்டி அளவைவிடச் சற்றுப் பெரிது. உமிழ்நீர்ச் சுரப்பி அந்தப் பக்கமே இல்லை. கோபால்ட் காலத்திலிருந்தே இதில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் குணமாகி, குரலோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். கன்னம், ஈறு ஆகியவற்றில் வரும் புகையிலைப் புற்றுக்கோ முதல் வைத்தியம் கத்திதான். கதிர் பெரும்பாலும் அதன் பின்னே வருவது. இரிடியம் கம்பியைக் கட்டிக்குள்ளேயே செருகி வைக்கும் முறையும் உண்டு. உதட்டிலும் நாக்கிலும் உள்ள சிறு கட்டிக்கு நல்லது, ஆனால் பழகிய கை வேண்டும்.

புரோட்டானுக்கு வருவோம். எக்ஸ்-ரே கட்டியைத் தாண்டி மறுபக்கமும் போய்விடும். புரோட்டான் என்னும் துகள் குறித்த ஆழம் போய் அங்கேயே நின்றுவிடும். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்று 2019-இல் இதைக் கொண்டுவந்தது. டாட்டா நிலையத்தார் நவி மும்பைப் பக்கம் 2023-இல் தொடங்கினார்கள். அமெரிக்காவில் தொண்டைப் புற்றுநோயாளிகள் 440 பேரிடம் ஐ.எம்.ஆர்.டி.யோடு ஒப்பிட்டார்கள். நோயை அடக்குவதில் புரோட்டான் குறைந்ததல்ல. குழாய் வழியே உணவு ஊட்ட வேண்டிவந்தவர்கள் புரோட்டானில் குறைவு. ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்களும் அந்தப் பக்கம் கூடுதல் என்றே முடிவு வந்தது. மறைக்கமாட்டோம். ஆனால் பிரிட்டனில் நடந்த சோதனையில், ஓராண்டு முடிவில் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்கச் சோதனைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருவகை வைரஸால் நோய் கண்டவர்கள். பீடிப் புகையால் வரும் நோய் அதைவிட முரட்டு இனம். மண்டையோட்டின் அடியில் கட்டி, குழந்தைக்குக் கட்டி, ஏற்கெனவே கதிர் வைத்த இடத்தில் மறுபடியும் வைக்க வேண்டிய நிலை, இவற்றுக்குப் புரோட்டான் பயன்படும். மூட்டை சுமக்கும் தோழர் ஒன்றரை சென்டு வீட்டை அதற்காக விற்க வேண்டாம் என்பதே நம் கருத்து. அவரிடமும் அதைத்தான் சொன்னோம். ஐ.எம்.ஆர்.டி. அரசுக் காப்பீட்டில் கிடைக்குமா என்று அதே மருத்துவரிடமே கேட்கச் சொன்னோம், கேட்பதில் குற்றமில்லை. கிடைக்கும் என்றால் நல்லது. கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்றால்? காத்திருக்க வேண்டாம், இருப்பதில் தொடங்குங்கள் என்றோம். இரண்டு மாதத்தில் கட்டி சும்மா இருக்காது.

இன்னொன்றையும் வலியுறுத்தினோம். எந்தக் கருவியானாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. மூன்றாம் வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும், சுவை போகும், பேருந்துக்குக் காசு தீரும். “கொஞ்சம் தேறிவிட்டு வருகிறேன்” என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று குறைந்துகொண்டே போகிறது. இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தவனுக்குப் புரோட்டானே வைத்தாலும் இழந்தது முழுதாகத் திரும்பாது. தொடங்குமுன் பல் மருத்துவரிடம் போய்ச் சொத்தைப் பல்லை எடுத்துவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும். பீடியை அன்றே நிறுத்த வேண்டும். புகைப்பவன் உடம்பில் கதிர் சரியாக வேலை செய்யாது.

புதுக் கருவி வாங்கக் கோடி கோடியாகப் பணம் வேண்டும் என்பார்கள். சரி, கருவி இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறதே! சர்வதேச அணுசக்தி முகமையார் ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா போன்ற இடங்களின் மருத்துவமனைகளில் 908 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2010-இல் வெளியிட்டார்கள். வாரம் ஐந்து நாள் கொடுக்கும் அதே மொத்த அளவை வாரம் ஆறு நாளாகக் கொடுத்து, ஏழு வாரத்தை ஆறு வாரமாக்கினார்கள். அவ்வளவுதான். ஐந்தாண்டு முடிவில் கட்டி திரும்பாமல் இருந்தவர்கள் ஐந்து நாள் முறையில் நூற்றுக்கு 30, ஆறு நாள் முறையில் 42. வாய்ப்புண் கூடுதல்தான், ஆனால் தாங்கக்கூடியதாகவே இருந்தது. கீமோ மருந்தைச் சேர்த்து வாங்கும் உடற்கட்டு உள்ளவர்களுக்கு வழக்கமான ஐந்து நாளே போதும். சிறுநீரகம் இடம் கொடுக்காமல், கதிர் மட்டுமே வாங்குகிறவர்களுக்கு இந்த ஆறாம் நாள் பெரும் வரம்.

அந்த ஆறாம் நாள் சனிக்கிழமை. பல இடங்களில் அன்று கதிரறை பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்க வேண்டும் என்று கேட்கிறோம். திறப்பதென்றால், கருவி இயக்கும் ஊழியர்களை ஏழு நாளும் பிழிந்து திறப்பதல்ல. அவர்களும் தொழிலாளர்களே. ஒரு கருவிக்கு இன்னும் இரண்டு பேரை நியமித்து, அந்த நாளுக்கு உரிய சம்பளத்தையும் கொடுத்துத் திறக்க வேண்டும்.