நீர் வந்த வழி – 17: கொட்டாமல் வைத்த கசடு

சென்ற வாரம் அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தைப் பார்த்தோம். 1912 நவம்பரில் அங்கே ஓர் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். நியூயார்க் துறைமுகத்தில் கலக்கும் கழிவுநீர் குறித்து ஆலோசனை சொல்ல அமெரிக்கா வந்திருந்த கில்பர்ட் ஃபவ்லர். பாட்டில்களில் கழிவுநீரை நிரப்பி, அதற்குள் காற்றைச் செலுத்தி லாரன்ஸில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனையை மனத்தில் இருத்திக்கொண்டு அவர் ஊர் திரும்பினார்.

ஃபவ்லர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அதே சமயம் மான்செஸ்டர் மாநகராட்சியின் நதிகள் குழுவுக்கு ஆலோசனை வேதியியலாளர். நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் டேவிஹல்ம் நிலையம் அந்தக் குழுவின் பொறுப்பில் இருந்தது. வகுப்பறையும் சாக்கடையும் ஒரே மனிதரிடம் சந்தித்துக்கொண்டது மான்செஸ்டரின் நல்லூழ்.

பஞ்சாலைகளின் நகரம் அது. மக்கள் பெருகப் பெருகக் கழிவுநீரும் பெருகியது. அந்நாளில் அதைக் கல் படுகைகளின் வழியே வடியவிடுவார்கள். கல்லில் படிந்து வாழும் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னும். நல்ல முறைதான், ஆனால் ஏக்கர் கணக்கில் நிலம் கேட்கும். இந்த நெருக்கடியில், வெளியேற்றும் நீரின் தரத்துக்கு 1912-இல் அரச ஆணையம் ஓர் அளவுகோலும் வகுத்துவிட்டது.

லாரன்ஸில் கண்டதை ஃபவ்லர் டேவிஹல்மின் வேதியியலாளர்கள் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் இருவரிடமும் சொன்னார். அவர்கள் பாட்டில்களில் கழிவுநீரை நிரப்பி, வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்காதபடி பழுப்புத் தாள் சுற்றி, காற்றைச் செலுத்தினார்கள். நீர் முழுதாகச் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. இவ்வளவு நாள் பிடிக்கும் முறையால் ஒரு நகரத்துக்கு என்ன பயன்?

திருப்பம் அடுத்த அடியில் வந்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டார்கள். அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றி மறுபடி காற்றடித்தார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறைந்தது. கடைசியில் ஐந்து வார வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்தது. அந்தக் கசடு முழுக்க உயிர். அழுக்கைத் தின்னத் தெரிந்த கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதில் குடியிருந்தன. தயிருக்கு உறை மோர் போல, பழைய கசடு புது நீருக்கு உறையானது.

1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் ஆய்வுக் கட்டுரை வாசிக்கப்பட்டது. அதை எழுதியவர்களாக ஆர்டன், லாக்கெட் பெயர்கள் மட்டுமே இருந்தன. யோசனை ஃபவ்லருடையதாக இருந்தாலும், பாட்டிலருகே நின்றவர்களுக்கே பெருமை போனது. இன்று உலகெங்கும் பொறியாளர்கள் சொல்லும் 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' முறை இதுதான். சென்னையின் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் தொட்டிகள் நுரைத்துக் கொந்தளிப்பதும் இந்த முறையால்தான். ஃபவ்லரே 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார்.

நம் குடிநீர் வாரியங்களும் பல்கலைக்கழகங்களும் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நாள் வந்து ஒரு பாட்டில் மாதிரி எடுத்துப் போய், ஆறு மாதம் கழித்து அறிக்கை அனுப்புவது கூட்டுறவு ஆகாது. ஆய்வாளர் நிலையத்தில் நின்று பழக வேண்டும். நிலையத்து ஊழியருக்கு ஆய்வு செய்ய நேரமும், ஆய்வில் தம் பெயரும் கிடைக்க வேண்டும். தினமும் அந்த நீரோடு வாழ்பவருக்குத்தான், எதைக் கொட்டலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியே எழும். அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்த ஒரு மாநகராட்சியால்தான் இன்று உலகின் எத்தனையோ ஆறுகள் பிழைத்திருக்கின்றன.

(தொடரும்)